மாத்திரைக்கு முந்தின மூத்திரம்

— மாத்திரை போடுறதுக்கு முன்னாடி எடுத்த மூத்திரத்தோட ரிசல்ட்டைக் காட்டுங்க டாக்டர்.

— ஏம்மா, வேலைக்குச் சேந்த அன்னைக்கே உன்கிட்ட என்ன சொன்னேன்?

— அதை மட்டும் கேக்கவே கூடாதுன்னு சொன்னீங்க. கேக்கறேன்.

— லேப்ல உன் வேலை என்ன? மூடியை இறுக்கு, பேரை ஒட்டு, அனுப்பு. படிச்சு அர்த்தம் சொல்றது நான். பாத்தீங்களாம்மா உங்க தங்கச்சியை? சொந்தக்காரங்க சிபாரிசுல ஆளெடுத்தா இதான்.

— மன்னிச்சுக்கோங்க டாக்டர். ஏய், வாயை மூடிட்டு ஓரமா நில்லுடி. என் பிள்ளையோட ரிப்போர்ட், நான் கேட்டுக்கறேன். நீங்க சொல்லுங்க டாக்டர். இந்தச் சிவப்புக் கோடு...

— பொறுமையா கேளுங்கம்மா. இது ஈயம். பச்சையைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி, சிவப்புல போய் முட்டுது பாருங்க. அடுத்தது பாதரசம். அதுவும் சிவப்பு. நாலு வயசுப் பிள்ளை உடம்புக்குள்ள இவ்வளவு விஷம் இருந்தா வாய் எப்படிம்மா திறக்கும்? கூப்பிட்டா எப்படித் திரும்பிப் பாப்பான்?

— ஐயோ... போன தடவை இவ்வளவு நீளமா இல்லையே டாக்டர். இத்தனை பாட்டில் ஏத்தின பிறகுமா கூடும்?

— கூடணும்மா. அடியில மண்டிக் கிடந்தது இப்பதான் கிளம்பி வருது. நல்ல அறிகுறி. அழாதீங்க.

— போன தடவை குறைஞ்சப்பவும் நல்ல அறிகுறின்னீங்க. ஏறினா வெளிய வருது, இறங்கினா குணமாகுது. தோக்கவே தோக்காத ஆட்டம் டாக்டர் இது.

— அடியே, இப்ப நிறுத்தப் போறியா இல்லையா?

— நிறுத்த மாட்டேன்க்கா. நல்லாக் கேட்டுக்கோ. மூத்திரம் பிடிக்கறதுக்கு முன்னாடி பிள்ளைக்குக் குடுன்னு உன் கையில குடுத்தாங்களே ஒரு மாத்திரை, அதோட வேலையே உடம்புல இருக்கிற உலோகத்தைப் பிடிச்சு இழுத்து மூத்திரத்துல தள்றதுதான். எல்லார் உடம்புலயும் துளித்துளி இருக்கும். எனக்கு, உனக்கு, இந்தா உக்காந்திருக்காரே, இவருக்கும். மாத்திரையைப் போட்டு இழுத்துட்டு, மாத்திரையே போடாதவங்க அளவோட ஒப்பிட்டுக் கோடு போட்டா சிவப்பாத்தான் வரும். ஒருத்தனை மாடிப்படி ஏற விட்டு நாடியைப் பிடிச்சுட்டு, சும்மா உக்காந்திருக்கிறவன் நாடியோட ஒப்பிட்டு உனக்கு இதயக் கோளாறுன்னு சொல்ற மாதிரி.

— அப்படியே உன் மாமா பேச்சு. அந்த மனுஷன் வீட்டுல உயிரை எடுக்கறது போதாதுன்னு நீ இங்க வந்து ஆரம்பிச்சுட்டியா?

— மாமா என்னத்தைச் சொன்னார்? பெத்த பிள்ளைக்கு விரல் இழுக்குது, நிறுத்துன்னார். அதானே?

— விரல் இழுக்குதா? எங்கிட்ட நீங்க சொல்லவே இல்லையேம்மா.

— அது... லேசாத்தான் டாக்டர். பாட்டில் ஏத்திட்டுப் போற அன்னைக்கு ராத்திரி மட்டும் கை கொக்கி மாதிரி மடங்கி நிக்கும். வாயோரம் துடிக்கும். எண்ணெய் தேச்சு நீவி விட்டா சரியாயிடும். விஷம் இறங்கறப்ப அப்படித்தான் இருக்கும்னு நீங்கதானே முதல்லயே...

— ஆமா ஆமா. அதேதான். பயப்பட ஒன்னுமில்ல.

— பயப்பட ஒன்னுமில்லையா? நீங்க ஏத்தற மருந்து ரத்தத்துல இருக்கிற கால்சியத்தையும் சேர்த்து இழுக்குது டாக்டர், சரசரன்னு இறங்குது. இன்னைக்கு விரலைப் பிடிச்சு இழுக்கறது நாளைக்கு நெஞ்சைப் பிடிச்சு இழுக்கும். ரெட்டைச் சடை போட்ட பொண்ணு ஒன்னு வருமே, ஃபேன் சுத்தறதையே பாத்துச் சிரிச்சுட்டு இருக்கும். அது எங்க?

— அவங்க ஊர் மாறிப் போயிட்டாங்க.

— ஊர் மாறினவங்க பிள்ளையோட செருப்பை விட்டுட்டா போவாங்க? கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு. கூட்டும்போது ஆயா எடுத்துட்டு வந்து எங்கிட்ட காட்டினாங்க. நீங்க தூக்கிப் போடச் சொன்னீங்களாம்.

— இத பாரும்மா. படிச்ச பொண்ணாச்சேன்னு பொறுமையா இருக்கேன். உங்க வீட்டுலயே முதல்ல காலேஜ் வாசலை மிதிச்சது நீதானே? ஒரு டிகிரி வாங்கினதும் தலைகால் புரியல.

— அவ காலேஜுக்குப் போனது என் காலால டாக்டர். நான் பத்தாவதோட நின்னு தையல் மிஷினை மிதிச்சேன், மகாராணி படிச்சாங்க. அந்தப் படிப்பை வெச்சு இப்ப எனக்கே பாடம் நடத்தறா.

— அதுக்காகத்தான்க்கா நடத்தறேன். வேற யாருக்குக் குடுக்கப் போறேன் அந்தப் படிப்பை? ஒன்னு சொல்றேன், அடிக்கறதுன்னா அடிச்சுக்கோ. உன் கையில இருக்கே ரிப்போர்ட், அது உன் பிள்ளை சிட்டுவோடது இல்ல.

— என்னடி உளர்ற? பேர் போட்டிருக்கு பாரு.

— பேர் ஒட்டறது நான்தானே. நீ கொண்டாந்த மூத்திரப் பாட்டிலைக் கொட்டிட்டேன். அதே மாத்திரையை நான் முழுங்கி, என்னோடதைப் பிடிச்சு அனுப்பினேன். அந்த ஈயமும் என்னுது, பாதரசமும் என்னுது. எனக்குப் பேச்சு வரலையா அக்கா? கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேனா?

— இது மோசடி! உன்னைப் போலீஸ்ல குடுத்துடுவேன், தெரியுமா?

— கூப்பிடுங்க டாக்டர். இருபத்தஞ்சு வயசுக் கழுதையோட மூத்திரத்தைப் பாத்து, நாலு வயசுப் பிள்ளைக்கு ஏன் வாய் திறக்கலைன்னு காரணம் சொன்னீங்களே, அதையும் சேர்த்து எழுதிக்கச் சொல்லுங்க.

— பொறுமை. பொறுமை. கோபப்படாம யோசிங்கம்மா. இப்ப என்ன தெரியுது? உங்க தங்கச்சி உடம்புலயும் விஷம் இருக்கு. அவ்வளவுதானே? இந்தச் சிடுசிடுப்பு, தூக்கமில்லாம அலையறது, சந்தேகம், எல்லாம் அதோட வேலைதான். அவளுக்கும் சேர்த்து ஏத்திடலாம்.

— அப்போ... அப்போ இது எங்க ரத்தத்துலயே இருக்கா டாக்டர்? எனக்கும் இருக்குமா? வயித்துல இருக்கும்போதே எங்கிட்ட இருந்துதான் பிள்ளைக்கு இறங்கியிருக்குமா?

— இருக்கலாம்மா. உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாம்.

— அக்கா! காதுல விழுதா உனக்கு? நான் சொன்னது ஒன்னாவது விழுந்துச்சா?

— விழுந்துச்சுடி. எல்லாம் விழுந்துச்சு. என்னை என்ன முட்டாள்னு நெனச்சியா? ஆனா நீ இவ்வளவு பேசினியே, அவன் ஏன் என் மூஞ்சியைப் பாக்க மாட்டேங்கறான்னு சொன்னியா? முதல்ல போன பெரிய ஆஸ்பத்திரியில ஆட்டிசம்னாங்க, பயிற்சி குடுங்க, காத்திருங்கன்னு அனுப்பிட்டாங்க. எத்தனை வருஷம், யாரும் சொல்லல. இவர் ஒருத்தர்தான் உள்ள ஒன்னு இருக்கு, எடுத்துடலாம்னார். உள்ள ஒன்னுமே இல்லன்னா நான் எதைடி வெளிய எடுப்பேன்?

— உள்ள அவன் இருக்கான்க்கா.

— எனக்கு இந்த வசனமெல்லாம் வேணாம். டாக்டர், நீங்க ஏத்துங்க. ரிப்போர்ட் யாருதா வேணா இருக்கட்டும். ஆரம்பிச்சதை முடிச்சிடுங்க.

— சரிம்மா. பிள்ளையை அடுத்த ரூம்லதானே படுக்க வெச்சிருக்கு? பாட்டில் தயாரா இருக்கு. நர்ஸ் சாப்பிட்டு வந்ததும் போட்டுடலாம். ஏம்மா, உன்னை வேலையை விட்டு எடுத்தாச்சு. அந்த வெள்ளைக் கோட்டைக் கழட்டி வெச்சுட்டுப் போகலாம்.

— இந்தாங்க. நானே கழட்டிட்டேன்.

— எங்கடி போற? என் வீட்டுப் பக்கம் தலை வெச்சும் படுக்காத, சொல்லிட்டேன்.

— வர மாட்டேன்க்கா. நீயும் அடுத்த ரூமுக்குப் போகாத, அங்க யாருமில்ல. நீ இங்க உக்காந்து என் மூத்திரத்துக்கு அழுதுட்டிருந்தப்பவே மாமா அவனைத் தூக்கிட்டுப் போயிட்டார். நான்தான் வரச் சொன்னேன். இனிமே பிள்ளையை உன்கிட்ட விடவே மாட்டேன்னார். நான் சரின்னுட்டேன்.