கோடு போடாத கட்டை

போளூரிலிருந்து ஆரணிக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பட்டு நெசவாளர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"இருபது படம் அச்செடுத்துட்டு, தான் செதுக்கின மரக்கட்டை மேலயே கத்தியால கோடு கீறிட்டாரு மச்சான்."

"யாரு?"

"மெட்ராஸ்ல பாத்தேனே, அந்த யூதப் பெரியவரு. ஜெர்மனியில அவங்க ஜனத்தைக் கொல்றப்ப தப்பிச்சி கப்பலேறி வந்தவரு. தீப்பெட்டி லேபிளுக்குக் கட்டை செதுக்க ஆரம்பிச்சாரு. இப்ப வெளிநாட்டு மியூசியத்துல அவரு படம் தொங்கிகினு இருக்குது."

"நாம தறியில ஒரு டிசைன் அட்டைய கிழியற வரைக்கும் ஓட்டுறோம். அவரு ஏன் கெடுக்கணும்?"

"இருபதுதான்னு சொல்லி வித்தா இருபதுதானாம். சொன்ன சொல்லு மாற மாட்டாரு."

"மனுசன்தான். ஒரு கட்டைகூடவா கோடு போடாம விட்டு வெக்கல?"

"ஒண்ணு இருக்குது. ஜெர்மனியிலயே விட்டுட்டு வந்த அவங்க அம்மா முகம்."

"அதுல எத்தினி எடுத்தாராம்?"

"இன்னும் எடுத்துகினு இருக்காரு."