சைலன்சருக்குப் போட்ட குழாய்

சாயங்காலம் ஆறரை இருக்கும். ஆலங்காயத்துலேர்ந்து ஜமுனாமரத்தூர் போற மலை ரோடு... முன்னயும் வண்டி இல்ல, பின்னயும் வண்டி இல்ல. கிட்ட வந்து உக்காருங்க, இது சத்தமா சொல்ற கதை இல்ல.

நம்ம வில்சனோட மச்சான் பிலிப்ராஜ், அந்த ரோட்டுல தனியா பைக்ல போய்ட்டு இருந்தான். ஆசைக்குப் போகல. வூட்ல மொகத்தக் காட்ட முடியாம போனான்.

இன்னா பண்ணான்னு கேளுங்க. வண்டியில இருந்தது கம்பெனி சைலன்சர். பெட்டிப் பாம்பா அடங்கி ஓடுதேன்னு ஐயாவுக்குக் கொறை. சத்தம் போடுற சைலன்சர் புதுசா வாங்க வக்கில்ல. வூட்டுக்குப் பின்னாடியே உக்காந்து சைலன்சரோட பின்மூடிய அறுத்தான், உள்ள இருந்த தகடெல்லாம் புடுங்கிப் போட்டான். நடுவுல ஓட்டை போட்ட குழாய் வைக்கணும், அது மேல பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைச் சுத்தணும். நாரு சமையக்கட்டுல இருந்துச்சி. குழாய்க்கு எங்க போறது?

கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். ஓரமா, புல்லு மூடின சின்னக் குழி. பேரு எழுதல. ரெண்டு இரும்புக் குழாயைக் குறுக்க கட்டி நட்ட சிலுவை, துருப்பிடிச்சி சாஞ்சி கெடந்துச்சி. யாரு கேக்கப் போறாங்கன்னு உருவிட்டான். துருவைத் தேய்ச்சி, ஓட்டை போட்டு, உள்ள வச்சி வெல்டு அடிச்சான். சும்மா சொல்லக் கூடாது... 'துடும்... துடும்'னு தெருவே திரும்பிப் பாத்துச்சி.

அப்புறம் கல்லறைத் திருநாள் வந்துச்சி. ஊரே மெழுகுவத்தியோட நிக்குது, பிலிப்ராஜும் நிக்கிறான். கண்ணமங்கலத்துலேர்ந்து சாந்தாமேரின்னு ஒரு அம்மா, வருசா வருசம் வர்றவங்க. அந்தப் புல்லுக்குள்ளயே சுத்திச் சுத்தி வந்தாங்க.

“தம்பி, இங்க ஒரு இரும்புச் சிலுவ இருந்துச்சேப்பா... எம்புள்ள குழிக்கு அதான் அடையாளம். நீ பாத்தியா?”

“தெரியலங்கம்மா.”

சொல்லிட்டான். ஒடம்பு பூரா கூசிப் போச்சி. அந்தம்மா எங்க ஏத்துறதுன்னு தெரியாம, மெழுகுவத்தியைக் கையிலயே புடிச்சிக்கிட்டு பஸ் ஏறப் போய்ட்டாங்க. அந்த அவமானத்துல தான் இவன் மலை ஏறினது.

மேட்டுல ஒரு வளைவு. என்ஜின் தானா நின்னுச்சி. சாவியையும் உருவிட்டான்... சைலன்சர்ல சத்தம் நிக்கல. 'ஹ்க்... ஹ்க்...' அழுது ஓஞ்ச கொழந்தை விசும்புமே, அந்தச் சத்தம். பெட்ரோல் வாசனை இல்ல. கக்கின பால் வாசனை.

“தெரியாம பண்ணிட்டேன் கண்ணு”ன்னு கைய வச்சான். கொதிக்க வேண்டிய சைலன்சர் ஜில்லுன்னு இருந்துச்சி.

வண்டியைத் தள்ளிக்கிட்டே எறங்கினான். வழி பூரா விசும்பல். வூட்டுக்கு வந்து, சைலன்சரை அறுத்துக் குழாயை வெளிய எடுத்தான். அப்பத்தான் நின்னுச்சி.

விடிஞ்சதும் கோயில் உபதேசியார்கிட்ட விலாசம் கேட்டு, குழாயைத் துணியில சுத்திக்கிட்டு கண்ணமங்கலம் போனான். அந்தம்மா கால்ல வுழுந்து எல்லாத்தையும் சொல்லிடணும்னு முடிவு. கதவைத் தட்டினான். சாந்தாமேரி தெறந்தாங்க. மொகம் பூரா சிரிப்பு.

“வாப்பா! ராத்திரி எம்புள்ளைய வண்டியில கொண்ணாந்து வாசல்ல எறக்கி வுட்டுட்டு, ஒரு வாய் தண்ணி கூட குடிக்காம போய்ட்டியே. நீ நல்லா இருக்கணும்.”

இவனால தலையைத் தூக்க முடியல. தரையைப் பாத்துக்கிட்டே வாயைத் தெறந்தான்... அந்தம்மா உதட்டுல வெரலை வச்சாங்க.

“மெதுவாப் பேசு. இப்பத்தான் தூங்குது.”

உள்ள... தூளி ஆடிக்கிட்டு இருந்துச்சி.