வாப்பா ஓடிப் பார்த்த இடம்

"வாப்பா ரெண்டு தரம் ஓடிப் பாத்தவர், ராத்தா. ரெண்டு தரமும் புடிச்சிட்டாங்க. நல்ல இடந்தான்."

கல்முனை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் அக்காவும் தங்கையும். ஜன்னலோரம் அவர்கள் வாப்பா என்றழைத்த தந்தை. மூவரும் முதியோர் இல்லமொன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"நாம அறையப் பாக்கக்குள்ள பின் கேற்றால வெளிய போயிட்டார். அங்க வேல செய்யிற ஒரு புள்ள ஓடி வந்து, 'தேத்தண்ணி ஆறுது, வாங்க வாப்பா' எண்டு கையைப் புடிச்சிக் கூட்டிப் போனாள்."

இருவரும் முக்காட்டால் வாயைப் பொத்திக் குலுங்கிச் சிரித்தார்கள்.

"ஏன் வாப்பா ஓடின நீங்க?"

"கட்டிலையும் கக்கூசையும் நீங்க பாத்தீங்க. காணாமப் போனா தேடுவாங்களா எண்டு நான் பாத்தன்."

"அப்ப அங்க இருப்பீங்களா?"

"ஓம், இருப்பன். உங்கட வீட்டால எத்தின தரம் ஓடிப் பாத்திட்டன், ஒருத்தரும் தேடல்லயே!"

சொல்லிவிட்டு முதலில் சிரித்தவரும் அவர்தான்.