என் கண் ஒரு வரியும் தப்பவில்லை

சென்ற மாதம் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் என் கண்களைப் பரிசோதித்தார்கள். சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையின் கடைசி வரியை வாசித்தேன். அதற்கும் கீழே, பலகையை அச்சிட்டவரின் பெயரையும் விலாசத்தையும் வாசித்தேன். பரிசோதித்த பெண் சிரித்துவிட்டாள். எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு பார்வையைத் தான் கண்டதில்லை என்றாள்.

இதை எழுதக் காரணம் இங்குள்ள நமது தமிழ்ச் சங்கத்தின் விசாரணைக் குழு எனக்கு அனுப்பியிருக்கும் கடிதம். "திரு. கனகலிங்கம் அவர்கள் வயது காரணமாக ஒரு வரி தவறி வாசித்ததால் நேர்ந்த பிழை இது. அவர்மேல் குற்றம் இல்லை" என்று முடித்திருக்கிறீர்கள். போதாததற்குக் குழுத் தலைவர் தியாகராஜா தொலைபேசியிலும் ஆறுதல் சொன்னார்.

"கவலைப்படாதேங்கோ அண்ணை. ஆனைக்கும் அடி சறுக்கும்தானே."

முப்பத்தாறு ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் தபால் இலாகாவில் இருந்தவன் நான். அதில் கடைசிப் பதினோரு ஆண்டுகள் தபாலதிபர். என்னை இப்படி மன்னிப்பதற்கு உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதித் தருகிறேன். கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் லண்டனுக்கு வந்தது 1984இல். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் தொலைக்காட்சியும் நானும்தான். இரண்டில் எது அதிகம் அலட்டியது என்று சொல்ல முடியாது. முதியோருக்கான பஸ் பாஸ் கிடைத்ததும், பழைய குடியேற்ற நாட்டு ஆவணங்கள் உள்ள வாசிகசாலை ஒன்றைக் கண்டுபிடித்தேன். அங்கே இலங்கை அரசாங்கத்தின் நீலப் புத்தகங்கள் இருந்தன, ஆண்டுக்கு ஒன்றாக. அரை அவுன்ஸ் கடிதத்துக்கு எத்தனை பென்ஸ், கப்பலில் போனால் எத்தனை என்று தபால் கட்டணங்கள் ஒரு பகுதியில். எந்த உத்தியோகத்துக்கு யார் நியமனம் பெற்றார், எப்போது, ஏன் விலகினார் என்று இன்னொரு பகுதியில். மற்றவர்கள் தேவாரம் படிப்பதுபோல நான் அதைப் படித்தேன்.

விஷயம் நம் சனத்தின் காதில் விழுந்தது. இங்கே வந்து எல்லோரும் பெற்றோல் ஸ்டேஷன் கல்லாவிலே நின்றோம். ஒருவரைவிட ஒருவர் ஒரு படி மேல் என்று காட்டுவதற்குப் பூட்டனார்கள் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். முதலில் வந்தவர் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து குலசேகரம்.

"அண்ணை, எங்கட பூட்டனார் தபாலில பெரிய உத்தியோகமாம். ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

பார்த்தேன். பின்னிணைப்பில், சின்ன எழுத்தில் இருந்தார். தபால் ஓட்டக்காரர். தோளில் தபால் பையும் கையில் மணி கட்டிய தடியுமாக இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடியிருக்கிறார். அந்த வெயிலில், அந்த மணலில். வெள்ளைக்காரன் அவருக்கு ஒரு பதவி உயர்வுகூடக் கொடுக்கவில்லை. நான் கொடுத்தேன். தபாலதிபர், 1861. சங்கத்தின் கடிதத் தாளில் தட்டச்சுச் செய்து கொடுத்தபோது குலசேகரத்தின் கண் கலங்கிவிட்டது. யாருக்கு என்ன நட்டம்?

அதன்பிறகு நியமனங்கள் தொடர்ந்தன. நான்கு ஆண்டுகளில் பதினான்கு பேர். வெள்ளைக்காரத் தேசாதிபதிகூட இவ்வளவு கெதியில் ஆட்களை நியமித்திருக்க மாட்டார். ஊரார் வீட்டு நெய்யே என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் சங்கத்தின் ஆண்டு மலரில் என் படத்தைப் போட்டு "வரலாற்று ஆய்வாளர்" என்று எழுதியவர்கள் நீங்கள்தான். என் சொந்தக் குடும்பத்தில் மட்டும் நான் யாரையும் நியமிக்கவில்லை. அது ஊழல் ஆகிவிடும்.

இனி இராஜேந்திரன். எங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை எடுத்து, அதற்குள்ளேயே கண்ணாடி அடைத்து ஒரு உப தபாற்கந்தோரும் நடத்தினார். ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். மூன்று கிழமைப் பயிற்சியோடு நியமனம் கிடைத்ததாம். முதல் நாளே போய் வாழ்த்தினேன். ஏதாவது உதவி தேவையென்றால் வந்து இருக்கிறேன் என்றும் சொன்னேன். "வாங்கோ அண்ணை, வந்திருந்து தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். எனக்குப் பொறாமை இல்லை. இதையும் குழு குறித்துக்கொள்ள வேண்டும்.

1990 செப்டெம்பரில் ஒரு நாள், மின்சாரக் கட்டணக் கடிதம் ஒன்றை அனுப்பப் போனேன். பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள், எல்லாம் நம் ஆட்கள். முதல் வகுப்பு முத்திரை ஒன்று கேட்டு இருபது பென்ஸை வைத்தேன்.

"அண்ணை, இப்ப இருபத்திரண்டு."

"தம்பி, இருபது. எனக்குத் தபால் கட்டணம் சொல்லித் தர வேண்டாம்."

"போன கிழமை கூட்டிப்போட்டாங்கள் அண்ணை."

சுவரில் அட்டவணை இருந்தது. எனக்குத்தான் கண் நன்றாகத் தெரியுமே. இருபத்திரண்டுதான். சட்டைப் பையைத் தடவினேன், சில்லறை இல்லை. இராஜேந்திரன் தன் பையிலிருந்து இரண்டு பென்ஸ் நாணயம் ஒன்றை எடுத்து என் காசோடு சேர்த்து வைத்தார்.

"அதுக்கென்ன அண்ணை, நான் போடுறன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வரிசையில் நின்ற ஒரு பெண் "பாவம் அங்கிள்" என்றாள். நான் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அன்று கத்தரிக்காய்ப் பால்கறி. இரவு வரை எனக்கு அது செமிக்கவில்லை.

அடுத்த வருடம் இராஜேந்திரனின் மகள் சிவகௌரிக்கும் குலசேகரத்தின் மகனுக்கும் கலியாணம் பேசினார்கள். ஒரே கல்லூரியில் படித்து, ஒருவரையொருவர் விரும்பியவர்கள். வெஸ்ட் ஈலிங்கில் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கெட்டிக்காரப் பிள்ளை அவள். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். மண்டபத்துக்கு முற்பணமும் கட்டியாயிற்று. ஒரு முறைக்காகக் குலசேகரம் என்னிடம் வந்தார்.

"சாதகம் பொருந்தீட்டுது அண்ணை. உங்கட புத்தகத்திலயும் ஒருக்காப் பாத்துவிட்டால் மனம் ஆறும்."

1864ஆம் ஆண்டுப் புத்தகம், நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். இராஜேந்திரனின் பூட்டனார் வைத்திலிங்கம் அங்கே இருந்தார். தபாலதிபர். இருபத்தொன்பது ஆண்டு சேவை, ஒரு குறையும் இல்லை, பாராட்டுக் குறிப்பு வேறு. நான் தேடிப் பார்த்த பதினைந்து குடும்பங்களில் உண்மையான தபாலதிபர் அவர் ஒருவர்தான். அடுத்த வரியில் சின்னத்தம்பி என்ற எழுதுநர். ஒரு விதவையின் கடிதத்துக்குக் கட்டணத்துக்கு மேல் இரண்டு பென்ஸ் வாங்கியமைக்காக வேலையிலிருந்து விலக்கப்பட்டவர்.

மேல் வரியிலிருந்து பெயரை எடுத்தேன். கீழ் வரியிலிருந்து குற்றத்தை எடுத்தேன். இரண்டையும் ஒரே வாக்கியமாகத் தட்டச்சுச் செய்தேன். ஒரு எழுத்துப் பிழையும் விடவில்லை.

குலசேகரம் இரண்டு தரம் வாசித்தார். "களவெடுத்த குடும்பமோ? நாங்கள் தபாலதிபர் பரம்பரை அண்ணை. இதெப்படிச் சரிவரும்?" என்றார். தபாலதிபர் பரம்பரை என்று அவர் நெஞ்சை நிமிர்த்தியபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். தேநீர் கொடுத்து அனுப்பினேன். பத்து நாளில் கலியாணம் நின்றது. பெடியன் முதலில் மறுத்தான், தாய் அழுதாள், பிறகு அவனும் ஒத்துக்கொண்டான். இந்த வருடம் தை மாதம் அவனுக்கு வேறிடத்தில் முடிந்துவிட்டது. நானும் போயிருந்தேன். வடை நன்றாக இருந்தது.

இராஜேந்திரனின் கடையில் நம் ஆட்கள் மிச்சக் காசை அவர் முகத்துக்கு முன்னாலேயே இரண்டு தரம் எண்ணத் தொடங்கினார்கள். சிலர் சிரித்துக்கொண்டே எண்ணினார்கள். அவர் கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். இப்போது ஒரு முத்திரை வாங்க நான் பெரிய தெருவரை நடக்க வேண்டியிருக்கிறது. என் முழங்காலுக்கு அது நல்லதில்லை.

மாசி மாதம் சிவகௌரி தனியாக வந்தாள். லீவு போட்டுவிட்டு வாசிகசாலைக்குப் போய் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்திருந்தாள். இந்த நாட்டில் யாரும் போய்ப் பார்க்கலாம் என்பது உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அங்கிள், எங்கட பூட்டனாற்ற வரியில ஒரு குறையுமில்லை. ரண்டு பென்ஸ் கதை கீழ் வரியில கிடக்கு. இந்தச் சின்னத்தம்பி ஆர்?"

"ஆரோ ஒருத்தர் பிள்ளை."

பிரதியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். பிறகு, "அப்ப உங்களுக்குக் கண் சரியாத் தெரியேல்லைப் போல" என்றாள். தேநீர் ஆறிப்போயிருந்தது, அவள் தொடவில்லை. நல்ல பிள்ளை. தப்பிக்க எனக்கு ஒரு வழி காட்டிவிட்டுப் போனாள். அவள் கொடுத்த பிரதியைப் பார்த்த நீங்கள் அந்த வழியையே கடிதமாக்கி, முத்திரை ஒட்டி எனக்கு அனுப்பிவிட்டீர்கள்.

எனக்கு அந்த வழி வேண்டாம். அந்த நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு மாதமும் முதல் செவ்வாய்க்கிழமை எடுத்து வாசித்து வருகிறேன். கண்ணை மூடிக்கொண்டும் வாசிப்பேன். சின்னத்தம்பி என் அம்மாவின் பாட்டனார். இலாகாவில் எங்கள் குடும்பத்தின் முதல் ஆள். இராஜேந்திரனுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அந்த இரண்டு பென்ஸை அத்தனை பேருக்கு முன்னால் வைத்துச் சிரித்தபோது, அவர் அந்த வரியை வாசித்துவிட்டார் என்றே எனக்குப் பட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வரி எங்கள் வீட்டை விட்டுப் போக வேண்டும், எங்காவது போய்த்தானே ஆக வேண்டும், அவர் வீடு பக்கத்து வரியில் இருந்தது. ஆகவே தலைவர் அவர்களே, ஆனைக்கு அடி சறுக்கவில்லை. பார்த்து, இடம் தெரிந்து வைத்த அடி அது.

மற்றப் பதினான்கு பேரின் உண்மையான உத்தியோகங்களையும் பக்க எண்களோடு தனித்தாளில் இணைத்திருக்கிறேன். குலசேகரத்தின் பூட்டனார் ஓட்டக்காரர். தலைவர் தியாகராஜாவின் பூட்டனார், நான் எழுதிக் கொடுத்ததுபோல அரசாங்கக் கச்சேரியின் தலைமை எழுதுநர் அல்ல. அந்தத் தலைமை எழுதுநருக்குப் பங்கா விசிறி இழுத்தவர். தலைவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கவும்.

சிவகௌரி கோயிலுக்குக்கூட வருவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்று சொல்கிறார்கள். எனக்கும் மனவருத்தம்தான். அவளோடு எனக்கு ஒரு கோபமும் கிடையாது. கடிதம் தகப்பனுக்கு எழுதியது, அவள் அதன் உறை. உறையைக் கிழிக்காமல் கடிதத்தைக் கொடுக்க முடியாது என்பது தபால் இலாகாவில் இருந்தவனுக்குத் தெரியும்.

இத்துடன் இரண்டு பென்ஸ் நாணயம் ஒன்றும் வைத்திருக்கிறேன். இராஜேந்திரனிடம் சேர்த்து, மறக்காமல் பற்றுச்சீட்டு வாங்கி அனுப்பவும். அவருக்கு நான் செய்ய வேண்டியது வேறு ஒன்றும் இல்லை.