வெளிச்சத்தில் விடுபட்ட நிறம்

அன்று வெயில் அதிகம். அதனால் வந்தவருக்கு மோர் கொடுத்தேன். நீங்கள் கேட்பதால் சொல்கிறேன், என் பங்கு ஏறக்குறைய அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு ஜனகராஜின் மகள் காவ்யஸ்ரீ வானியல் ஆராய்ச்சி செய்கிறாள். நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்கும் கேலக்ஸிகளைச் சுற்றிப் பரவியிருக்கும் வாயுதான் அவள் பாடம். என்ன ஏது என்று கேட்காமல் என்னால் இருக்க முடியாது. மாடியில் வடகம் காயவைக்கும்போது கேட்டேன்.

"பாதிக்கு மேல எலக்ட்ரானைப் பறிகொடுத்த ஆக்ஸிஜன் அத்தை. கண்ணுக்கே தெரியாது."

"தெரியாததை எப்படிடி பாக்குற?"

"பின்னாடி ரொம்ப தூரத்துல இருந்து வெளிச்சம் வரும்ல, அதுல எந்த நிறம் விடுபட்டிருக்குன்னு பாப்போம். விடுபட்டதுதான் சாட்சி."

சின்ன கேலக்ஸியைச் சுற்றி அது கொஞ்சம்தானாம். ரொம்பப் பெரியதைச் சுற்றியும் அப்படித்தானாம். நடுத்தரத்தைச் சுற்றித்தான் அதிகமாம். நியாயம்தான், எங்கள் தெருவிலும் நடுத்தர வீடுகளைச் சுற்றித்தான் பேச்சு.

இவ்வளவு சொன்னவள், கூடப் படித்த விஜய்ஆனந்தைக் கட்டிக்கொள்ளப் போவதை மட்டும் சொல்லவில்லை. அதைப் பால்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

பையனின் அம்மா சமயநல்லூரிலிருந்து வந்தார். வழக்கப்படி முதலில் அக்கம்பக்கத்தில், அதாவது என்னிடம், விசாரித்தார்.

"நீங்க நாலு வார்த்தை சொல்லிட்டா தட்டை மாத்திருவோம்."

ஜனகராஜின் நாணயத்தைச் சொன்னேன். அவர் மனைவியின் கைப்பக்குவத்தைச் சொன்னேன். வாசல் கோலத்தை, கொல்லை முருங்கையைக்கூட விடவில்லை.

"பொண்ணு எப்படி?"

"இன்னொரு டம்ளர் மோர் ஊத்தவாக்கா?"

அந்தம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தார். சம்பந்தம் அத்தோடு நின்றது.

மறுநாள் காவ்யஸ்ரீ வீங்கிய கண்ணோடு வந்தாள்.

"யாரும் தப்பா ஒண்ணும் சொல்லலையாம் அத்தை. ஆனா அவங்க அம்மா முடியவே முடியாதுன்னுட்டாங்க. என்னைப் பத்தி நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரு வார்த்தை சொல்லலைடி, சத்தியமா."

அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். கம்ப்யூட்டரில் அந்த விடுபட்ட நிறத்தைத் தேடுவாளே, அந்தப் பார்வை. அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

நேற்று என் மகனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் அவள் வீட்டில் விசாரித்திருக்கிறார்கள். என் மகனை, எங்கள் வீட்டை, எங்கள் நாயைக்கூடப் புகழ்ந்தாளாம். மாமியார் எப்படி என்று கேட்டதற்கு, மோர் குடிக்கிறீர்களா என்றாளாம். போனவர்கள் போனவர்கள்தான்.

படித்த பிள்ளை. ஒரு குடும்பத்தைக் கெடுக்க இவளுக்கு யார்தான் கற்றுக்கொடுத்தார்களோ.