வாயைத் திறக்கும் முன்னே வந்த பதில்

பின்னாடி டீ குடிக்கிறவங்க கொஞ்சம் கிளாஸைக் கீழ வைங்க. பாஸ்டர் ஐயர் பிரசங்கத்தை முடிக்கப் போறாருன்னு நினைச்சுப்புடாதீங்க, இப்பத்தான் விஷயத்துக்கே வாறேன். ஒரு சம்பவம் சொல்றேன்... சின்னதுதான். ஆனா இதைக் கேட்ட அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல, பாத்துக்கிடுங்க.

நம்ம பக்கத்துப் பையன் ஒருத்தன், பேரு சாம் ஜெபதுரை. அவன் சம்சாரம் பியூலா. ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் படிச்சவங்க. சிங்கப்பூர்ல ஒரு சர்வதேச மாநாடு. இன்டர்நெட்ல புதுசா என்னென்ன வந்திருக்குன்னு உலகத்துல உள்ள கெட்டிக்காரனெல்லாம் ஒண்ணாக் கூடிப் பாக்குற மாநாடு. அதுல பேச சாமைக் கூப்பிட்டிருந்தாங்க.

எதுக்குக் கூப்பிட்டாங்க? இன்டர்நெட்ல ஒருத்தர் நேரடியாப் பேசும்போது கீழ எழுத்து ஓடுதுல்ல? பேசி முடிச்ச பொறவுதானே அந்த எழுத்து வரும்? இவங்க கொண்டுபோன மிஷினுல அந்தத் தாமதமே கிடையாது. சாம் இதுவரைக்கும் மேடையில பேசின பேச்சையெல்லாம் அதுக்குள்ள போட்டாச்சு. அடுத்து என்ன சொல்லப் போறான்னு அதுவே கணிச்சு, அவன் வாயைத் திறக்கும் முன்னாடியே எழுதிப்புடும்!

சரி... அதைச் செஞ்சது யாரு? பியூலா! வருஷக்கணக்கா வீட்டுல உக்காந்து, கண்ணு எரிய எரிய வேலை பாத்தவ அவ. மைக்கைப் பிடிச்சவன் இவன். எந்த மேடை ஏறினாலும் என்ன சொல்லுவான்? "நான் யோசிச்சேன்... நான் செஞ்சேன்..." நான், நான், நான்! சிரிக்காதீங்கய்யா. உங்க வீட்டுக் கதையும் எனக்குத் தெரியும்.

அன்னைக்குக் காலையில, ஓட்டல் ரூம்ல, அவனுக்குச் சட்டைக் காலரைச் சரி பண்ணிவிட்டுக்கிட்டே பியூலா கேட்டா. "என்னங்க... இன்னைக்காவது என் பேரைச் சொல்லுவீங்களா?"

"கண்டிப்பா சொல்றேன் பியூலா. எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

மனசாரத்தான் சொன்னான். அவனைப் பொய்யன்னு நான் சொல்லல.

மேடை ஏறிட்டான். முதுகுக்குப் பின்னாடி பெரிய திரை. வணக்கம் சொல்ல வாயெடுக்கான்... திரையில வணக்கம் வந்தாச்சு! ஒரே கைதட்டல். அவனுக்கும் குஷி. அடுத்து ஒரு சிரிப்புத் துணுக்கு சொல்லலாம்னு மனசுல நினைக்கான்... சபை சிரிச்சு முடிச்சிருச்சு. இவன் இன்னும் ஒரு வார்த்தை பேசல! வாயைத் தொறந்தவன் தொறந்தபடியே நிக்கான். யாரும் அவன் மூஞ்சியைப் பாக்கல. அத்தனை கண்ணும் அவன் தலைக்கு மேல... திரையைப் பாக்குது.

சரி, இதை ஏமாத்திப் பாப்போம்னு பேச்சை நிறுத்திட்டுச் சும்மா நின்னான். திரையில என்ன வந்துச்சு தெரியுமா?

"இங்கே சற்று நிறுத்துவார்."

கூடமே கெக்கேபிக்கேன்னு சிரிக்குது. தண்ணி பாட்டிலை எடுக்கக் கை நீட்டினான். "தண்ணீர் குடிப்பார்." குடிக்கலாமா, வேண்டாமா? சொல்லுங்க... நீங்களா இருந்தா குடிப்பீங்களா? அவன் குடிச்சான்.

அப்ப ஒரு வெளிநாட்டு அம்மா எந்திரிச்சு கேட்டாங்க. "ரொம்ப அற்புதம் சார்! இதை நீங்க ஒருத்தரா செஞ்சீங்களா, கூட வேற யாராவது உண்டா?"

பாருங்க, கடவுளாப் பாத்துக் கொடுத்த கேள்வி! சாம் பியூலாவைப் பாத்தான். முன் வரிசையில உக்காந்து, கையைக் கோத்துக்கிட்டு, இவன் வாயையே பாத்துக்கிட்டு இருக்கா. அந்தக் கூடத்துலயே திரையைப் பாக்காத ஒரே ஆள் அவதான். அவ பேரு இவன் நாக்கு நுனிக்கு வந்துருச்சு...

திரை எழுதிருச்சு. "யாரும் இல்லை. இது முழுக்க என் தனி உழைப்பு."

கூடமே எந்திரிச்சு நின்னு கைதட்டுது! தட்டுது... தட்டுது... நிக்கவே இல்ல. அவன் மண்டைக்குள்ள ஒரே குழப்பம். இப்ப "இல்ல, என் மனைவி செஞ்சது"ன்னு சொன்னா, மிஷின் தப்புன்னு ஆயிரும். உலகமே பாக்க மானம் போயிரும். அவ பட்ட பாடெல்லாம் வீணாயிருமே... இப்படித்தான் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கிட்டான். சொல்லிக்கிட்டு, மைக்ல "தேங்க் யூ"ன்னான். அதுவும் திரையில ஏற்கெனவே இருந்துச்சு.

கீழ இறங்கி வந்து பியூலா கையைப் பிடிச்சுக்கிட்டு, "சொல்லத்தான் வந்தேன், அந்தப் பாழாப்போன மிஷின் முந்திக்கிச்சு"ன்னு அழுதான்.

பியூலா அழல. மெதுவாச் சொன்னா. "மிஷினைத் திட்டாதீங்க. உங்க பேச்சு அத்தனையும் நான்தானே அதுக்குள்ள போட்டேன். ஒண்ணுல கூட என் பேரு இல்ல. அதைச் செஞ்சவ நான்... ஆனா அதுக்கு என்னைத் தெரியாதுங்க. இன்னைக்கு ஒரே ஒரு தடவை அது தப்பா எழுதிராதான்னு ஜெபம் பண்ணிக்கிட்டே உக்காந்திருந்தேன். அது சரியாத்தான் எழுதுச்சு."

கையை உருவிக்கிட்டு வெளிய போயிட்டா. அவன் தனியாத்தான் ஊர் வந்து சேர்ந்தான்.

உங்களுக்குத்தான் சொல்றேன். உங்க வீட்டுக்காரியைப் பத்தி நாலு பேரு முன்னால ஒரு நல்ல வார்த்தை சொல்லணும், பொறவு சொல்லிக்கலாம்னு வெச்சிருக்கீங்களே... பொறவு உங்க வாய் சொல்லாது! இத்தனை வருஷம் எதைச் சொல்லிச் சொல்லிப் பழகுச்சோ, அதைத்தான் சொல்லும். அதுக்குக் கைதட்டவும் ஆள் இருக்கும். அப்ப நீங்க பேசுறது நீங்கதானா? எனக்குப் பயமா இருக்குய்யா, உங்களுக்கு இல்லையா?

ஆம்பளைங்க எல்லாரும் எந்திரிங்க. ம்... எந்திரிங்க. யாரு உழைப்பை உங்க பேருல சொல்லிக்கிட்டுத் திரியுறீங்களோ, அவங்க பேரை இப்ப, இங்கேயே, சத்தமாச் சொல்லுங்க பாப்போம்.

...

என்னய்யா? ஒருத்தர் வாயும் திறக்கலையே... பக்கத்துலதானே உக்காந்திருக்காங்க, உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு.