இன்னொரு அடுப்பு

— பொட்டிய கீழ வெய்யி செல்லி. வாசல்லயே நின்னுகினு இருந்தா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?

— நெனச்சிகினு போவட்டும். கேட்டதுக்கு பதில் சொல்லு மாமா. அந்த ரெண்டாவது அடுப்பு யாருக்கு?

— மொதல்ல உள்ள வா. தண்ணி குடி. ரோட்லேர்ந்து வெயில்ல நடந்து வந்துகீறே.

— தண்ணி வாணாம். ரோட்டாண்ட டீக்கடையில எங்கண்ணன் குந்திகினு கீறாரு. நாலு மணி பஸ்ஸு புடிச்சி ஊருக்குத் திரும்புறாரு. நீ சொல்றதப் பாத்துதான் நான் உள்ள வர்றதா, அவரு கூடவே எங்கம்மா வூட்டுக்குப் போய்டறதான்னு முடிவு பண்ணுவேன்.

— இருபது நாளு கழிச்சி வர்றே. வூடு எப்பிடி கீதுன்னு ஒரு வார்த்த கேக்கல. ஒண்டி ஆளா மண்ணு மெதிச்சி நடுவுல செவுரு வெச்சிகீறேன். சுண்ணாம்புல நீலம் கலந்து அடிச்சிகீறேன். காலண்டரு கூட மாட்டிகீறேன். ஃபாரஸ்ட்டு ரேஞ்சரு வூடு மாதிரி இல்ல?

— ரேஞ்சரு வூடா? வேட்டிக்குப் போடற நீலத்த மொத்தமா கொட்டி வெச்சிகீறே. கண்ணு கூசுது.

— கொஞ்சம் ஜாஸ்தி ஆயிடுச்சி. காஞ்சா கொறையும்னு பாத்தேன். கொறையல.

— பேச்ச மாத்தாத. எல்லாம் இங்கேர்ந்தே தெரியுது. செவுத்துக்கு இந்தாண்ட ஒரு ரூமு, ஒரு அடுப்பு. அந்தாண்ட ஒரு ரூமு, ஒரு அடுப்பு. வர்ற வழியிலயே முத்தம்மா நிறுத்தி வெச்சி சொல்லிட்டா. 'உம் வூட்ல புது அடுப்பு போட்டுகீறாங்களாமே'ன்னு. சொல்லிட்டு சிரிச்சா மாமா.

— அவ எப்பவும் பல்லக் காட்டிகினுதான் கீறா.

— போன வருசம் தங்கவேல் மாமன் வூட்ல இன்னா நடந்துது? மொதல்ல அடுப்பு போட்டாரு. ஒரே மாசம். ரெண்டாவது பொண்டாட்டிய இட்டுகினு வந்து நிறுத்தினாரு. நம்ம ஊர்ல ஒரு கூரைக்குக் கீழ ரெண்டு அடுப்புன்னா இன்னா அர்த்தம்? ஆடு மேய்க்கற புள்ளைக்குக் கூட தெரியும்.

— தங்கவேல் மாமனும் நானும் ஒண்ணா?

— இல்லன்னா சொல்லேன், யாருக்குன்னு.

— சொல்லக் கூடாது.

— யாரு சொல்லக் கூடாதுன்னது?

— அம்மா.

— அப்பிடியா சேதி! அத்தயும் நீயும் பேசி முடிச்சிட்டீங்க. நான்தான் கேனச்சி. அண்ணன் மவ சடங்குல போயி சந்தோசமா மஞ்சத் தண்ணி ஊத்திகினு இருந்தேன்.

— இரு, இரு. நான் ஒண்ணு கேக்கறேன். ஊருக்குப் போற அன்னிக்கு நீ இன்னா சொல்லிட்டுப் போனே? 'வேற ஒருத்திய கட்டிக்கோ, நான் வாணான்னு சொல்ல மாட்டேன்'னு சொன்னியா இல்லியா?

— சொன்னேன்.

— இதே வாசல்ல நின்னுதான் சொன்னே.

— சொன்னேன், சொன்னேன்! எட்டு வருசம் ஆச்சி மாமா. ரெண்டு புள்ள போதும்னு கெவுருமெண்டுல ஊரு ஊரா வேன் வெச்சிகினு வந்து சொன்னாங்களே, அந்த வருசம் நம்ம கல்யாணம். நமக்கு ஒண்ணு கூட இல்ல. சந்தைக்குப் போனா கேக்கறாங்க. திருவிழாவுக்குப் போனா கேக்கறாங்க. வயித்தெரிச்சல்ல சொன்னேன். சொன்னா ஒடனே மண்ணு மெதிக்க எறங்கிடுவியா? 'அப்பிடிலாம் பேசாத செல்லி'ன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நீ பல்லு குத்திகினு நின்னே.

— எனக்கு அப்ப இன்னா பேசறதுன்னே தெரியல.

— இப்பவாவது தெரியுதா? யாருன்னு சொல்லிடு. ஓடையாண்ட வூட்டு கன்னியம்மாதான?

— கன்னியம்மாவா? அவள ஏன் இதுல இழுக்குறே?

— நான் இழுக்கல. அந்தக் கண்ணாடி சொல்லுது.

— கண்ணாடி இன்னா சொல்லுது?

— செவுத்துல எவ்ளோ கீழ மாட்டிகீறே பாரு. நான் நின்னா என் இடுப்புதான் அதுல தெரியும். இந்த ஊர்லயே ஒசரமான பொம்பள நானு. குள்ளம்னா கன்னியம்மாதான். அவளுக்கு அளவெடுத்து அடிச்சிகீறே ஆணிய.

— அடிப் பைத்தியமே! நீ என்னிக்காவது நின்னுகினு தல வாரிகீறியா?

— இன்னா?

— கால நீட்டி செவுத்தோரமா குந்திகினுதான வாருவே? சந்தவாசல் ஊருக்குப் போயி வாங்கினேன் அத. பஸ்ஸு நெரிசல்ல ஒரு மூல ஒடஞ்சி போச்சி, அத பாக்காத. கீழ குந்தி என் மூஞ்சி தெரியற எடத்துல கோடு போட்டேன். நீ என்ன விட ரெண்டு வெரலு ஒசரமாச்சே. கோட்டுக்கு ரெண்டு வெரலு மேல ஆணி அடிச்சேன்.

— நான் எப்பிடி தல வாருவேன்னு நீ பாத்துகீறியா?

— எட்டு வருசமா எதுத்தாப்புல குந்திகீறேன். எனக்கு கண்ணு இல்லியா?

— மயக்காத மாமா. ஜன்னலு எதுக்கு? இத்தினி நாளு ஜன்னலு இல்லாமதான இருந்தோம்?

— பொக போறதுக்கு. போன மழக் காலம் பூரா நீ இருமிகினே இருந்தே. ஒவ்வொரு தடவ இருமினப்பவும் எனக்கு கேட்டுது. பலாப் பலகையில கதவு கூட பண்ணிகீறேன், குளுருக்கு சாத்திக்கலாம்.

— கேட்டுதுன்னு ஒரு நாளும் சொல்லலியே.

— சொல்லி இன்னா ஆவப் போவுது? செவுத்த ஒடச்சாதான பொக போவும்?

— சரி, கேக்கறேன். எட்டு வருசம் சும்மா இருந்துட்டு இருபது நாள்ல இவ்ளோ வேல. இன்னா வந்துது உனக்கு திடீர்னு?

— நீ இன்னொண்ணும் சொல்லிட்டுப் போனே. மறந்துட்டியா? 'இந்த வூட்ல எனக்கு எடமே இல்ல'ன்னு.

— அது கோவத்துல வந்துது.

— நீ போனப்புறம் அளந்து பாத்தேன். நெசமாவே இல்ல செல்லி. கெழக்கால அம்மா பாயி. மேக்கால சாமை மூட்ட, புளிக் கூடை. நடுவுல நான் ஒருத்தன் கால நீட்டிகினு. உன் பொட்டி எங்க இருந்துது? ஆட்டுக்குட்டி கட்டற மூலையில. எட்டு வருசமா அங்கதான் இருந்துது, நான் ஒரு நாளும் பாக்கல. எனக்கே வெக்கமா போச்சி.

— மாமா...

— எடம் இல்லன்னா எடம் பண்ணணும். வேற இன்னா பண்றது? இந்தாண்ட ரூமு உன்னிது. உள்ள தாழ்ப்பா கூட கீது. கோவம் வந்தா போட்டுக்கோ. அம்மா வூட்டுக்கு போவாத.

— நான் அந்த எடத்த சொல்லல மாமா.

— வேற எந்த எடம்?

— வுடு. இதுவே போதும். எனக்கு அழுவாச்சி வருது. கன்னியம்மா உள்ள குந்திகினு இருப்பாளோன்னு பயந்துதான் படி ஏறல. இப்பதான் மூச்சே வருது.

— அப்ப உள்ள வா.

— வர மாட்டேன்.

— இன்னும் இன்னா?

— அடுப்பு. எனக்கு ரூமு, சரி. கண்ணாடி, சரி. எனக்கு ஒரு அடுப்பு போதும். அந்தாண்ட எவ பொங்கப் போறா?

— அய்யோ, வுட மாட்டியா? தோ, அம்மாவே வெறகு எடுத்துகினு வர்றாங்க. அவங்களயே கேட்டுக்கோ. என்ன வுட்டுடு.

— யாரு, செல்லியா? வந்துட்டியாமா? டேய் வேடி, அவள ஏன் வெயில்ல நிக்க வெச்சிகீறே? புத்தி கீதா உனக்கு? இந்த வெறகப் புடி.

— அவதாம்மா வர மாட்டேன்றா.

— ஏம்மா, மூஞ்சி ஏன் இப்பிடி வாடி கீது? உங்கம்மா சோறு போடலியா?

— அத்தே, நான் நேரா கேக்கறேன். கோச்சிக்காதீங்க. அந்தாண்ட அடுப்பு யாருக்கு?

— எனக்குதான்.

— உங்களுக்கா?

— ஏன், எனக்கு பொங்கத் தெரியாதா? உங்கம்மா பாவாட கட்டறதுக்கு முன்னயே பொங்குனவ நானு.

— புரிஞ்சிடுச்சி அத்தே. புள்ள இல்லாதவ கையால துன்ன வாணாம்னு தனியா போறீங்க. வேற ஒருத்திய கொண்டாந்திருந்தா கூட இவ்ளோ வலிக்காது.

— சீ, வாய மூடு! நா எப்பமா அப்பிடி சொன்னேன்? இந்த இருபது நாளா இவன் வெச்ச கொழம்ப துன்னு என் நாக்கு செத்துப் போச்சி. நீ எப்ப வருவேன்னு ரோட்டையே பாத்துகினு இருந்தேன். சோறு எனக்கு உன் அடுப்புலதான். அது சும்மா டீத்தண்ணி வெச்சிக்கறதுக்கு.

— டீத்தண்ணிக்கா ஒரு அடுப்பு, ஒரு செவுரு?

— எம்மா, சொல்லிடும்மா. இல்லன்னா நாலு மணி பஸ்ஸுக்கு போய்டுவா.

— கம்முனு இருடா. அவ மனசு நோவும்னுதான் சொல்ல வாணான்னேன்.

— இனிமே நோவறதுக்கு இன்னா கீது அத்தே? சொல்லுங்க.

— தெனம் சாயங்காலம் ஆனா முத்தம்மாவும் மத்தவளுங்களும் நம்ம அடுப்பாண்ட வந்து குந்தறாளுங்க இல்ல? நீ அந்தப் பக்கம் திரும்பிகினு களி கிண்டிகினே இருப்பே. அவளுங்க என் கிட்ட இன்னா கேப்பாளுங்க?

— பேரப் புள்ள எப்பன்னு.

— நீ கிண்டறத நிறுத்திடுவே. அப்புறம் மறுபடியும் கிண்டுவே. நான் பாத்துகினேதான் இருந்தேன்மா. பாதிப் பேரு எனக்கு நாத்துனாளுங்க, வராதன்னு சொல்ல முடியாது. வரட்டும், அந்தாண்ட என் அடுப்பாண்ட குந்தி டீத்தண்ணி குடிச்சிகினு என்னயே கேக்கட்டும். உன் காதுல ஒரு வார்த்த வுழக் கூடாதுன்னுதான் இவன செவுத்த ரெட்ட கனமா வெக்கச் சொன்னேன்.